அரளியோடை எழுந்து நின்ற வருஷம்

மேற்கு மலையில் பெய்கிற மழையையெல்லாம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து கருத்தானூர்க் குளத்தில் அவிழ்த்துக் கொட்டுவதையே பிறந்த நாளிலிருந்து வேலையாக வைத்திருந்த அரளியோடை, ஒரு தை மாதத்துக் காலையில், பூரணத்தின் சரளைக் குவாரிக்குப் பக்கத்தில் வந்ததும் தரையை விட்டு எழுந்து, முழங்கால் உயரத்தில் காற்றிலேயே ஓடி, குவாரிக் கோடியில் நின்ற ஒற்றைப் பனையைத் தாண்டியதும் மறுபடி தரையில் இறங்கி, ஒன்றும் நடக்காதது மாதிரி குளத்தைப் பார்க்கப் போயிற்று.

முதலில் பார்த்தவள் பூரணம்தான். தூக்குச்சட்டியைக் கழுவப் போனவள் வழக்கம்போலக் குனிந்தாள்; பாதி குனிவதற்குள்ளேயே கையில் தண்ணீர் பட்டது. இடுப்பு வலிக்காரிக்கு அது வசதியாகத்தான் இருந்தது. கழுவி, சட்டியை உதறிய பிறகுதான் அடியில் பார்த்தாள். ஓடைக்குக் கீழே மணல் காய்ந்து கிடந்தது. ஒரு நண்டு, தலைக்கு மேலே போய்விட்ட தன் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

பூரணம் மேட்டில் ஏறி, பொக்லைன் ஓட்டுகிற வெள்ளப்பாண்டியிடம் போய்ச் சொன்னாள்.

"ஏ வெள்ளப்பாண்டி, ஓடை எந்திரிச்சி நிக்கி."

அவன் இயந்திரத்தை அணைக்காமலே கேட்டான். "எம்புட்டு ஒசரம் யக்கா?"

"மொழங்கால் அளவு."

"அப்பம் லாரி கீழ கூடிப் போவுமா, மேல கூடிப் போவுமா?"

"இப்போதைக்கு ரெண்டு கூடியும் போவாது."

பூரணத்தின் குவாரி ஒன்றும் பெரிய குவாரி இல்லை. கம்பு விதைத்தால் கல்லாக முளைக்கிற மேட்டு நிலம் அது. அவள் கணவர் சிவனணைந்தான் கேரளத்துக்கு வாழைத்தார் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் மலைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறவர் ஆதலால், முறைப்படி அனுமதி வாங்கி, பொக்லைனை வாடகைக்குப் பிடித்து, வெட்டி, சல்லடையில் சலித்து, ஓடையிலிருந்து மோட்டார் வைத்து எடுத்த தண்ணீரில் கழுவி, சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் சரளை கொடுத்துக்கொண்டிருந்தது அவள்தான். லாரி திரும்ப இடம் வேண்டுமென்று கரையில் அடர்ந்து நின்ற அரளிச் செடிகளை வெட்டியதும், கல் கழுவிய செந்தண்ணீரைச் சரிவு பார்த்து ஓடைக்கே திருப்பிவிட்டதும், டீசல் டிரம்மைக் கரையோரமாகவே வைத்ததும், லாரிகளை ஓடைக்குள்ளேயே இறக்கி ஏற்றியதும் கெட்ட எண்ணத்தில் செய்தவை அல்ல. தண்ணீரைத் தண்ணீர் இருக்கிற இடத்தில்தானே ஊற்றுவார்கள், பாதை சுருக்கமாக இருக்கிற வழியில்தானே போவார்கள் என்று நினைத்துச் செய்தவை.

அன்றைக்கு வந்த முதல் லாரி ஓடைக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. ஓடை இடுப்பளவுக்கு உயர்ந்தது. மறுபடி அடித்தது. மார்பளவுக்கு உயர்ந்தது. மாசி பிறந்து, பங்குனி பிறந்து, ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சாண் ஒரு விரற்கடை என்று தூக்கிக்கொண்டே போய், கடைசியில் கல் ஏற்றிய டிப்பர் கீழே தாராளமாகப் புகுந்து போகிற உயரத்தில் ஓடை நிலைத்தபோது, மரியாதை தெரிந்த ஓடை என்று ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

கருத்தானூர்க்காரர்கள் எதையும் நெடுநேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இல்லை. முதல் வாரம் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் வரும்போது உட்காரப் பாய் கொண்டுவந்தார்கள். பங்குனி வெயிலில் ஊரே வாணலிபோலக் காய்ந்துகொண்டிருக்க, ஓடைக்குக் கீழே மட்டும் நிழல் அசைந்து அசைந்து விழுந்து, சட்டையில்லாத முதுகுகளின் மேல் கெண்டை மீன்களின் நிழல்கள் மேய்ந்துகொண்டிருந்தன. டீக்கடை பூதத்தான் தன் பாய்லரையும் பெஞ்சையும் அலுமினியத் தட்டுகளையும் ஒரே நடையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டில் வைத்துப் புழுங்கவிடாமல் ஓடைக்கடியில் உட்காரவைத்துக் கேசரி கொடுத்தார்கள்; அங்கே வைத்துப் பேசிய சம்பந்தம் தட்டிப்போகாது என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பி, வெளியூர்க்காரர்களும் வந்துபோனார்கள். துணி துவைக்கிறவர்கள் ஏணிமேல் ஏறி நின்று துவைத்தார்கள். கொக்குகள்தான் பாவம், கொஞ்ச நாள் காய்ந்த மணலில் நின்று விழித்துவிட்டு, பிறகு லாரிக் கூண்டுமேல் நின்று மீன் பிடிக்கப் பழகிக்கொண்டன.

மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, கம்பிக்கும் தண்ணீருக்கும் இடைவெளி போதுமா என்று கழியால் அளந்து பார்த்து, போதும் என்று சொல்லி, வந்ததற்கு ஒரு புங்கைக் கிளையை வெட்டிப்போட்டுவிட்டுப் போனார். இன்னோர் அலுவலகத்திலிருந்து வந்தவர், ஓடை நிலத்தில் ஓடினால்தான் தன் கணக்கில் வரும் என்றும் ஆகாயத்துக்கு வேறு இலாகா என்றும் சொல்லி, பூதத்தானிடம் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்படி ஊருக்கும் பழகி, ஓடைக்கும் பழகிவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்த ஒரு நாள், வெள்ளப்பாண்டி தலையைச் சொறிந்துகொண்டு பூரணத்திடம் வந்தான்.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன், ஏசாதிய. கீழ படுகை சும்மாத்தான கெடக்கு. அம்புட்டும் கழுவுன கல்லு. சலிக்க வேண்டாம், கழுவ வேண்டாம், அப்படியே அள்ளி லாரியில போட்டுறலாம்."

பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பூதத்தானும் ஒத்து ஊதினார். "செய்யி தாயீ. ஓடை வேண்டாம்னுதான விட்டுட்டுப் போயிருக்கு."

பூரணம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வெள்ளப்பாண்டி பொக்லைனைப் படுகையில் இறக்கி ஒரு கை அள்ளினான். அள்ளியதுதான் தாமதம், தலைக்குமேல் ஒரு பெருமூச்சு கேட்டது. அண்ணாந்து பார்த்தால், ஓடை ஒற்றைப் பனையின் கொண்டைக்குப் போய் நின்றது. இறங்குகிற இடத்தில் அருவிபோல விழுந்து நிலத்தில் கிடங்கு பறித்தது. பூதத்தானின் பெஞ்சில் நிழல் போய் வெயில் வந்து உட்கார்ந்தது.

"எடுத்ததை எடுத்த எடத்துல கொட்டு" என்றாள் பூரணம்.

"ஏன் யக்கா?"

"ஆளு எந்திரிச்சி மொகம் கழுவப் போன நேரம் பாத்து, படுத்த பாயைச் சுருட்டி வித்துருவியா நீ?"

அவன் கொட்டினான். ஓடை பனங்கொண்டையிலிருந்து இறங்கி, முந்தைய உயரத்துக்கு வந்து, அதற்குக் கீழே வர மாட்டேன் என்று நின்றுகொண்டது.

பூரணத்துக்கு மறுநாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் வெள்ளப்பாண்டி அள்ளிய கல் அல்ல. அன்று அவள் நாத்தனார் உலகம்மை வந்து சொன்ன வார்த்தை. உலகம்மையின் வீடு ஓடைக்கரைத் தெருவில் கடைசி வீடு. ஓட்டு வீடாக இருந்ததைப் பிரித்து, பூரணத்தின் சரளையையே போட்டுத் தளம் ஊற்றி, வாசலில் நாலு படியும் வைத்துக் கட்டி, இன்னும் சுண்ணாம்பு வாசனை போகாத வீடு.

"மைனி, எல்லாரும் நெழலு நெழலுங்காவளே, ஐப்பசிய யாராவது நெனச்சிப் பாத்தாவளா? தரையில வார வெள்ளத்துக்குக் கரை இருக்கு. ஆகாசத்துல வார வெள்ளத்துக்குக் கரை எங்க இருக்கு?"

பூரணம் தலையைத் தூக்கி ஓடையைப் பார்த்தாள். மலைவெள்ளம் செம்மறிக் கூட்டம்போல முட்டிக்கொண்டு வரும்போது, அந்தரத்தில் நிற்கிற இந்த மெல்லிய ஓடை அதை எந்தப் பக்கம் கொட்டும் என்று நினைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் கொட்டினால் குவாரி. அந்தப் பக்கம் கொட்டினால் ஓடைக்கரைத் தெரு முழுக்க, உலகம்மையின் புது வீடு உட்பட.

"எறங்கச் சொல்லுங்க மைனி. ஒங்க குவாரிக்கிட்டதான எந்திரிச்சிது."

"நான் சொல்லியாளா எந்திரிச்சிது, நான் சொல்லி எறங்க?"

ஓடை ஏதோ வருத்தத்தில் இருக்கிறது, மரியாதை செய்தால் இறங்கிவிடும் என்று ஊரில் முடிவானது. ஆடிப் பதினெட்டுக்குப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பட்டுச்சேலை எடுத்து, மஞ்சள் குங்குமம் காப்பரிசியோடு, நீள மூங்கில் கழிகளில் கட்டித் தூக்கி ஓடைமேல் சார்த்துவது என்று பேசிக்கொண்டார்கள். வாழைப்பழத்தாருக்குச் சொல்லிவிட்டார்கள், மேளத்துக்குச் சொல்லிவிட்டார்கள். எத்தனை கெஜம் சேலை எடுப்பது என்பதில் மட்டும் சண்டை வந்தது, ஓடைக்கு இடுப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாததால்.

ஆடிப் பதினெட்டு அன்று காலையில் ஒரு லாரியை அனுப்பிவிட்டுத்தான் பூரணம் கிளம்ப முடிந்தது. குவாரிக் கொட்டகையிலேயே மயில்கழுத்து நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு, பூவும் வைத்துக்கொண்டு, தாம்பாளத்தோடு இறங்கினாள். ஓடைக்குப் போக வேண்டுமென்றால் கல் கழுவுகிற இடத்தைத் தாண்டவேண்டும். செக்கச்செவேலென்று சேறு, அதன்மேல் டீசல் மினுமினுப்பு, லாரிச் சக்கரம் உழுத பள்ளங்களில் குழம்பாக நிற்கிற தண்ணீர். பூரணம் ஒரு கையில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கொசுவத்தைக் கணுக்கால் வரைக்கும் தூக்கினாள். இரண்டு எட்டு வைத்தாள். முழங்கால் வரைக்கும் தூக்கினாள்.

"பாத்து யக்கா, வழுக்கும்!" என்று மேட்டிலிருந்து வெள்ளப்பாண்டி கத்தினான். "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, பட்டு பாழாயிரும்!"

பூரணம் அப்படியே நின்றாள். குனிந்து தன் கையைப் பார்த்தாள், கையில் சுருட்டிப் பிடித்திருந்த சேலையைப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து, குவாரி தொடங்குகிற இடத்தில் தூக்கிக்கொண்டு குவாரி முடிகிற இடத்தில் விட்டுவிட்டு, மலையிலிருந்து கொண்டுவந்தது ஒரு சொட்டு அழுக்காகாமல் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஓடையைப் பார்த்தாள். கை தூக்கிப் பிடித்தபடியே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் தாம்பாளத்துக் காப்பரிசி சேற்றில் சிந்தியது.

"ஏ வெள்ளப்பாண்டி, மிஷினை நிறுத்துடே."

"என்னாச்சி யக்கா? விழுந்துட்டியளா?"

"விழல. வெக்கமா இருக்கு. ஒரு பொம்பள வாசலை இம்புட்டுச் சேறா வச்சிக்கிட்டு, வாரவ ஏன் தூக்கிப் பிடிச்சிக்கிட்டுப் போறான்னு ஊர் கூட்டி மேளம் அடிக்கேனே!"

ஓடைக்கு அன்று பட்டு சார்த்தத்தான் செய்தார்கள். ஓடை அதையும் சேர்த்துக் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டது.

மறுநாளிலிருந்து பொக்லைன் சரளைக்காக அல்லாமல் வேறு காரியத்துக்குத் தோண்டத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால் குடத்தில் ஊற்றி அசையாமல் வைத்து, தெளிந்ததை மேலாக இறுத்து இன்னொரு குடத்தில் ஊற்றுவது பூரணத்துக்குத் தெரியும். கல் கழுவிய தண்ணீருக்கும் அப்படியே செய்தாள். ஒன்றுக்குக் கீழே ஒன்றாகக் குழிகள் வெட்டி, முதல் குழியில் நின்று மண் படிந்ததும் மேல் தண்ணீர் அடுத்த குழிக்கு வழிய, அதிலும் படிந்து அதற்கடுத்ததற்கு வழிய, கடைசிக் குழியில் முகம் பார்க்கிற அளவுக்குத் தெளிந்து நின்ற தண்ணீரை மோட்டார் வைத்து மறுபடி சல்லடைக்கே ஏற்றினாள். ஓடையிலிருந்து எடுப்பதும் இல்லை, ஓடைக்கு விடுவதும் இல்லை. தண்ணீர் முதன்முதலாக அப்படிச் சுற்றி வந்த அன்றே ஓடை ஒரு முழம் இறங்கியது.

அது போதாது என்று கரையோரம் குவித்திருந்த மண்ணையும் சரளையையும் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டு, மழை கட்டினால் மூடத் தார்ப்பாய் வாங்கி வைத்து, குவாரியின் சேற்றுத் தண்ணீர் ஓடைப் பக்கம் வழியாதபடி சுற்றிலும் வரப்புப் போட்டாள். டீசல் டிரம் மேட்டின் அந்தக் கோடிக்குப் போனது. அங்கே சிமெண்டில் தளம் போட்டு, சிந்தினாலும் அங்கேயே நிற்கும்படி தொட்டி மாதிரி விளிம்பு கட்டினார்கள். லாரிகள் ஓடைக்குள் இறங்கக் கூடாது என்றாள். பின்னே எந்த வழி என்று ஓட்டுநர்கள் கேட்டபோது, தன் கடலைக் கொல்லையில் ஒரு ஓரத்தைச் சுற்றுப்பாதையாக விட்டாள். சரளைக்குக் காத்திருந்த காண்ட்ராக்டர் போனில் கூப்பிட்டு, வேற எடத்துல வாங்கிக்கிடட்டுமா என்று மிரட்டினார்.

"வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. ஐப்பசி கழிச்சி நம்மகிட்ட வந்தாலும் நல்ல கல்லா தாரேன்" என்று வைத்துவிட்டாள். அவர் மறுபடி கூப்பிடவில்லை.

வெட்டிய கரையில் அரளிக் கம்புகளை ஊன்றி, இடையில் வெட்டிவேர் நட்டபோது ஓடை மார்பளவுக்கு வந்திருந்தது. அப்போதுதான் ஊர் விழித்துக்கொண்டது.

"யம்மா பூரணம்" என்று வந்து நின்றார் பூதத்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "பெஞ்ச விட்டு எந்திரிச்சி நின்னா மண்டை ஓடைக்குள்ள போவுது. போண்டா எண்ணெயில மீனு விழுது. சைவக்காரரு ஒருத்தரு காசைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு. நீ ஓடையை எறக்குதியா, எம் பொழைப்பை எறக்குதியா?"

"ஐப்பசி வருது அண்ணாச்சி."

"ஐப்பசிக்கு எறங்கட்டும். சித்திரைக்கு மறுபடி மேல போவட்டும். ஊர்க் கூட்டத்துல பேசிட்டோம்லா."

"அதென்ன ஃபேனா, ரெகுலேட்டரு வச்சித் திருப்ப?"

அவருக்குப் பின்னால் வந்து நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பூதத்தானும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டு போனார். ஆனால் ஓடையோ மார்பளவில் நின்றது நின்றதுதான். புரட்டாசி பாதி போயிற்று. மேற்கே மலைத்தலையில் மேகம் கருத்து, தேன்கூடுபோலத் தொங்கத் தொடங்கியது. குழிகளில் எறும்பு விழுந்தால்கூடத் தெரிகிற தெளிவு. குவாரிப் பக்கமிருந்து ஒரு சொட்டுச் சேறு வருவதில்லை. பூரணம் கரையில் நடந்து நடந்து பார்த்தாள். இன்னும் எதற்குத் தூக்கிப் பிடித்திருக்கிறாள் இவள்?

உலகம்மைதான் கீழே கை காட்டினாள். "மைனி, அங்க பாருங்க."

காய்ந்த படுகை முழுக்க டீக்கப். பாய்லர்ச் சாம்பல். பெண் பார்த்த விருந்துகளின் எச்சில் இலை, ஷாம்பு உறை, கோழி இறகு, ஒரு ஒற்றைச் செருப்பு, ஓடைக்குப் பட்டு சார்த்திய அன்றைக்கு வெடித்த வெடியின் காகிதம். குவாரிச் சேற்றைக் கழுவிவிட்டார்கள். நிழலில் உட்கார்ந்து எழுந்துபோனவர்களின் சேற்றை யார் கழுவுவது?

பூரணம் விளக்குமாற்றையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஓடை மார்பளவில் இருந்ததால் குனிந்துகொண்டே பெருக்கவேண்டியிருந்தது. உலகம்மை இறங்கினாள். ஓடைக்கரைத் தெருவே இறங்கியது. கடைசியாகப் பூதத்தான், பாய்லரைக் கரையில் புங்கை மரத்தடிக்கு மாற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என் கப்பை நான் பொறக்குதேன். எவன் செருப்போ அது எனக்குத் தெரியாது."

"ஒங்க செருப்புதான் அண்ணாச்சி அது" என்றான் வெள்ளப்பாண்டி.

பூதத்தான் எடுத்துப் பார்த்தார். போட்டுப் பார்த்தார். "நல்லவேளை, இன்னொண்ணைத் தூரப் போடல" என்றார்.

பெருக்கப் பெருக்க ஓடை அவர்கள் முதுகின்மேல் இறங்கிக்கொண்டே வந்தது. இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு. எல்லாரும் நனைந்து, சிரித்துக்கொண்டு கரையில் ஏறிவிட்டார்கள். கணுக்கால் உயரத்தில் வந்து ஓடை நின்றது. இறங்கவில்லை. மலைப்பக்கம் ஒருமுறை இடித்தது.

பூரணம் மட்டும் தண்ணீருக்குள் நின்று, கால்களால் அடியில் துழாவிக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் காலில் மேடு இடறியது. வெள்ளப்பாண்டி ஒரு கை அள்ளி, கொட்டு என்றதும் கொட்டிவிட்டுப் போன குவியல். அள்ளிய பள்ளம் பள்ளமாகவும் கொட்டிய மேடு மேடாகவும் அப்படியே கிடந்தன. அவள் அங்கேயே உட்கார்ந்தாள். கழுத்தளவு தண்ணீர் அவளைச் சுற்றிக்கொண்டு போக, அதற்கடியில் கையை விட்டு, பெரிய கல்லை அடியிலும் சிறிய கல்லை மேலேயும் பரப்பி, தட்டைக் கல்லைத் தட்டையாகப் படுக்கவைத்து, பிள்ளை படுக்கும் பாயில் சுருக்கம் நீவுகிற மாதிரி நீவி நீவிச் சமன் செய்தாள். நீவிக்கொண்டிருந்த கைகளின் மேல் மெதுவாகத் தண்ணீர் வந்து படுத்தது.

எங்கிருந்தோ வந்த நண்டு அவள் விரலிடுக்கில் புகுந்து தன் வீட்டுக்குப் போயிற்று.

அந்த ஐப்பசியில் வெள்ளம் வரத்தான் செய்தது. மரமும் கிளையுமாக, மலையே புறப்பட்டு வந்தமாதிரி முட்டிக்கொண்டு வந்து, உலகம்மை வீட்டு நாலு படியில் மூன்று படி ஏறி, நாலாவது படியில் கால் வைக்காமல் திரும்பிப் போய்விட்டது. வழக்கமான வழியில் வந்து அதே வழியில் போன வெள்ளத்தைப் பற்றி யாரும் நெடுநேரம் பேசவில்லை. பூதத்தான் மட்டும், நிழல் நல்லா இருந்தது, என்ன இருந்தாலும் நிழல் நல்லா இருந்தது என்று டீ ஆற்றும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வடிந்து தீபாவளி வந்தது. பலகாரத் தூக்கை எடுத்துக்கொண்டு, மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டு, பூரணம் உலகம்மை வீட்டுக்குக் கிளம்பினாள். அரளிக் கம்புகள் துளிர்விட்டிருந்த கரையில் இறங்கி ஓடைக்குள் கால் வைத்ததும், பழக்கத்தில் அவள் கை கொசுவத்தைச் சுருட்டித் தூக்கியது. நாலு எட்டு வைத்தவள் குனிந்து பார்த்தாள். தண்ணீருக்கடியில் கால்விரல் மெட்டியும், மெட்டிக்கடியில் கூழாங்கல்லும், கல்லின்மேல் ஓடுகிற கோடும்கூடத் தெரிந்தன.

பூரணம் கையை விட்டாள். சேலை விரிந்து தண்ணீர்மேல் மிதந்து, பிறகு நனைந்து காலோடு ஒட்டியது.

எதிர்க்கரைப் படியில் நின்று உலகம்மை கத்தினாள். "ஐயோ மைனி, பட்டு நனையுது! தூக்கிப் பிடிங்க!"

"நனையட்டும்ளா" என்றாள் பூரணம்.